பொறுமையும் விசாரிப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை முன்னிட்டு, மஃரிப் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

சுப்ஹுத் தொழுகை முடிந்து நாம் எழுந்தவுடன், வாசற்படியில் யாரேனும் ஒருவர் நின்று, "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள்" என்று கேட்பது வழக்கம். நோய்க்காகக் கேட்போர் உண்டு. கடனுக்காகக் கேட்போர் உண்டு. அண்மைக் காலமாக, "அமெரிக்க விசா இன்னும் வரவில்லை, துஆச் செய்யுங்கள்" என்று கேட்போரும் பெருகியுள்ளனர். நம் முன்னோர் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினர். அவர்களுடைய பிள்ளைகள் வளைகுடாவுக்குச் சென்றனர். பேரப்பிள்ளைகளில் சிலர் அமெரிக்காவில் குடியேறி, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அங்கே அழைக்க விண்ணப்பித்துள்ளனர். வளைகுடா விசா சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முடிவு தெரிந்துவிடும். அமெரிக்கக் குடியேற்ற மனுவோ அவ்வாறன்று. மனுச் செய்தபோது தொட்டிலில் இருந்த குழந்தை, அழைப்பு வரும்போது கல்லூரியில் இருக்கும்.

"பள்ளிவாசலில் மார்க்கம் பேசாமல் விசாவைப் பற்றியா பேசுவது?" என்று எவரேனும் எண்ணலாம். அக்கேள்விக்கு நாம் நேர்மையாக விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு குடும்பத்திற்கு நாம் கூறிய ஒற்றை அறிவுரை பாதியாக இருந்தது. அந்தப் பாதியின் விளைவை அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை இன்றும் சுமந்து நிற்கிறார். அவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். தம் பெயரைக் குறிப்பிடாமல் இதனைச் சொல்லலாம் என்றும், மற்றவர்களுக்காவது இது பயன்படட்டும் என்றும் அவரே நமக்கு அனுமதி தந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

நடந்தது இதுதான். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சகோதரி ஒருவர், ஊரில் இருக்கும் தம் தம்பிக்காக 2004-ஆம் ஆண்டின் இறுதியில் மனுச் செய்தார். தம்பியின் மூத்த மகனுக்கு அப்போது நான்கு வயது. 2009-இல் மனு அங்கீகரிக்கப்பட்டது. அதன்பின் வரிசையில் காத்திருக்க வேண்டிய காலம். இடையில் சொத்துப் பாகப்பிரிவினையாகி, குடும்பம் பழைய வீட்டை விட்டுப் புதுத் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. முகவரி மாறியதை எவரும் அமெரிக்க அலுவலகத்திற்குத் தெரிவிக்கவில்லை. "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறிய முகவர் ஒருவர், குடும்பத்தின் மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாகத் தம்முடையதைப் பதிந்து வைத்துக்கொண்டார். ஆண்டுக்கு இருமுறை, கோப்பை நகர்த்துவதற்கென்று பணமும் பெற்று வந்தார்.

2019-இல் அழைப்புக் கடிதம் புறப்பட்டது. 2020-இல் அவர்களுடைய முறையும் வந்தது. இரண்டையும் அவர்கள் அறியவில்லை. முகவரிடம் கேட்டபோதெல்லாம், "இன்னும் வரிசையில்தான் இருக்கிறது" என்றார். பின்னர், "கொரோனாவால் அலுவலகம் மூடிக் கிடக்கிறது" என்றார். அத்தந்தை மனம் பொறுக்காமல் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இதை வேறு யாரிடமாவது விசாரிக்கலாமா?" என்று கேட்டார். நாம் என்ன சொன்னோம்? "பொறுமையாக இருங்கள், அல்லாஹ் நாடியது நாடிய நேரத்தில் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் நம் சொல்லை மதித்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

2021-ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டைச் சுத்தம் செய்தபோது தகரப்பெட்டியிலிருந்து பழைய ரசீது ஒன்று மூத்த மகனின் கைக்கு வந்தது. அதிலிருந்த எண்ணை அவர் கணினியில் இட்டுப் பார்த்தார். மனு எப்போதோ அங்கீகரிக்கப்பட்டு அடுத்த அலுவலகத்திற்குச் சென்றுவிட்டது என்ற விவரம் நொடிப்பொழுதில் தெரிந்தது. அந்த அலுவலகத்திற்கு எழுதிக் கேட்ட பின்னர்தான், உரிய காலத்தில் பதில் தராததால் பதிவு மூடப்படும் நிலையில் இருப்பது புலப்பட்டது. அலைந்து திரிந்து, சான்றுகளைச் சமர்ப்பித்து, மனுவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். ஆயினும் மூத்த மகன் பிள்ளை என்ற கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார். விதிவிலக்குக் கோரினர், ஏற்கப்படவில்லை. 2023-இல் தாயும் தந்தையும் இளைய மகளும் விமானமேறினர். மூத்தவர் இங்கே தனியாக இருக்கிறார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் தத்தம் தந்தையைக் கட்டித் தழுவும்போது அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே செல்வதை நாம் மிம்பரிலிருந்து பார்த்தோம். அன்று முதல் இவ்வுரை நம் நெஞ்சில் கனத்துக் கிடக்கிறது.

அன்பானவர்களே! பொறுமை என்பது ஈமானின் பெரும்பகுதி. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும், பொறுமை என்றால் என்ன? அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக யஃகூப் (அலை) அவர்களை நாம் எப்போதும் கூறுகிறோம். அருமை மகன் யூசுஃபைப் பிரிந்து, அழுதழுது பார்வை மங்கும் அளவுக்குத் துயருற்றவர்கள் அவர்கள். ஆனால் அதே யூசுஃப் அத்தியாயத்தில், அதே யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை அழைத்து, யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் பற்றித் துருவி விசாரித்து வருமாறு அனுப்பியதையும், இறையருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியதையும் காண்கிறோம். அழகிய பொறுமையைப் பேசிய அதே நாவுதான் விசாரித்து வரவும் ஏவியது. நாம் முதற்பாதியை ஓதி, இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

ஹிஜ்ரத்தின் வரலாற்றைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்களை விடத் தவக்குல் மிகுந்தவர் யார்? ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கியிருந்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) பகலெல்லாம் மக்காவில் குறைஷிகள் பேசுவதைச் செவிமடுத்து, இரவில் குகைக்கு வந்து செய்தி சொல்லிச் சென்றார்கள். வழியறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவர் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை இருந்தது. நிலவரம் அறியும் ஏற்பாடும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

ஆகவே, காத்திருப்போர் அறிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இன்று சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். விவரம் அறிந்த பிள்ளைகளிடம் கேட்டும், அவ்வலுவலகங்களே வெளியிட்டுள்ள விளக்கங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டும் தெளிந்தவற்றையே சொல்கிறோம். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கும் இவ்வாறான வசதிகள் உண்டு. ஆனால் விதிகள் வேறு. நாம் இங்கே கூறுவது அமெரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும்.

முதலாவதாக, ரசீது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஐ-130 என்ற மனுவைச் செலுத்துவார். அதனைப் பெறுவது யு.எஸ்.சி.ஐ.எஸ். எனப்படும் குடியுரிமை மற்றும் குடிவரவு அமைப்பு. 2003-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கி வருகிறது. மனு சேர்ந்ததும் ஐ-797 என்ற படிவத்தில் ரசீது அனுப்புவார்கள். அதில் மூன்று ஆங்கில எழுத்துகளும் பத்து இலக்கங்களுமாகப் பதின்மூன்று குறிகள் கொண்ட எண் இருக்கும். மனு சேர்ந்த நாளும் இருக்கும். அந்நாளே குடும்ப மனுக்களில் உங்கள் வரிசை நாள். வீட்டுப் பத்திரத்தைப் பாதுகாப்பதுபோல் இந்த ரசீதைப் பாதுகாக்க வேண்டும். மனுச் செய்த உறவினரிடம் கேட்டு, அதன் நகல் ஒன்றை ஊரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, பார்க்கும் முறை. அவ்வமைப்பின் இணையதளத்தில் மனுவின் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ரசீது எண்ணை இடைக்கோடு இல்லாமல் இட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். கடைசியாக என்ன நடந்தது என்பதை ஓரிரு வரிகளில் காட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. இணையதள முகவரி ஜி.ஓ.வி. என்ற மூன்றெழுத்தில் முடிகிறதா என்று மட்டும் உற்று நோக்குங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் போலித் தளங்களும் இருக்கின்றன.

மூன்றாவதாக, அங்கே காணும் சொற்களின் பொருள். மனு பெறப்பட்டது என்று இருந்தால், அது மேசையில் இருக்கிறது, முடிவு ஏதுமில்லை என்று பொருள். உடன்பிறந்தோர் மனுவில் இவ்வாசகம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கலாம். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. வேறு அலுவலகத்திற்கு மாற்றப்பட்டது என்று இருந்தால், வேலைப் பங்கீட்டுக்காகவும் அது நிகழும். தண்டனை என்று எண்ண வேண்டாம். கூடுதல் சான்று கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது என்று இருந்தால் மட்டும், அன்றே எழுந்து செயல்பட வேண்டும். என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை இணையப் பக்கம் முழுமையாகக் காட்டாது; அஞ்சலில் வரும் கடிதத்தில்தான் இருக்கும். கடிதம் வரவில்லையென்றால் மனுச் செய்தவர் உடனே அந்த அமைப்பைத் தொடர்புகொள்ள வேண்டும். கடிதத்தில் குறித்த நாளுக்குள், கேட்ட அனைத்தையும் ஒரே தடவையில் சேர்த்து அனுப்ப வேண்டும். பாதியை இன்றும் மீதியை நாளையும் அனுப்பலாம் என்ற பேச்சே அங்கே இல்லை. அவகாசத்தை நீட்டித்துத் தருவதும் இல்லை. பதில் செல்லவில்லையென்றால், மனுவைக் கைவிட்டதாகக் கருதி நிராகரித்துவிட முடியும்.

நான்காவதாக, அங்கீகரிக்கப்பட்டது என்ற சொல். இச்சொல்லைக் கண்டதும் பலர் இனிப்பு வழங்கிவிடுகின்றனர். வழங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது விசா கிடைத்ததாகப் பொருளாகாது. உறவு உண்மையானது, வரிசையில் நிற்கத் தகுதி உண்டு என்பதே அதன் பொருள். குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, அவருடைய திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், குடியுரிமை பெற்று 21 வயது நிறைந்தவரின் பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, வரிசையும் இல்லை. ஏனையோருக்கு வரிசை உண்டு. உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 65,000 விசாக்களே. அவற்றிலும் எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு என்ற அளவுக்கு மேல் செல்லக் கூடாது என்பது பொதுவிதி. இந்தியா போன்ற பெருநாட்டுக்கு வரிசை நீளுவதன் காரணம் இதுவே. 2025-ஆம் ஆண்டில் இந்திய உடன்பிறந்தோர் பிரிவில் 2006-ஆம் ஆண்டின் மனுக்களுக்குத்தான் முறை வந்திருந்தது. எவரும் எவருடைய கோப்பையும் தடுத்து வைக்கவில்லை. எவராலும் முந்திக் கொண்டுபோய் வைக்கவும் இயலாது.

வரிசை எங்கே நிற்கிறது என்பதை அந்நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா அறிக்கை என்ற பெயரில் வெளியிடுகிறது. உங்கள் ரசீதிலுள்ள நாளுடன் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று விசா வழங்கப்படும் நாள். மற்றொன்று ஆவணங்களை ஒப்படைக்கத் தொடங்கலாம் என்ற நாள். வரிசை சில மாதங்களில் பின்னோக்கியும் செல்லும். அதற்கும் கலங்க வேண்டாம்.

ஐந்தாவதாக, ஓராண்டு என்ற கெடு. நம் சகோதரர் இடறிய இடம் இதுவே. மனு அங்கீகரிக்கப்பட்டபின் கோப்பு தேசிய விசா மையத்திற்குச் செல்கிறது. அங்கே வேறொரு வழக்கு எண் தருவார்கள். அதை வேறொரு தளத்தில்தான் பார்க்க வேண்டும். பழைய ரசீது எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே எதுவும் மாறாது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். விசாவுக்கு முறை வந்ததாக அறிவித்து ஓராண்டுக்குள் விண்ணப்ப நடவடிக்கை எடுக்கவில்லையெனில், பதிவையே முடித்துவிடச் சட்டத்தில் இடமுண்டு. நம் கைமீறிய காரணம் என்று நிரூபித்தால் இரண்டாண்டுக்குள் மீட்கலாம்.

ஆறாவதாக, பிள்ளைகளின் வயது. 21 வயது நிறைந்தாலோ திருமணமானாலோ பிள்ளை என்ற தகுதி போய்விடும். ஆயினும் 2002-ஆம் ஆண்டின் பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. விசாவுக்கு முறை வந்த நாளில் பிள்ளையின் வயது எவ்வளவோ, அதிலிருந்து மனு அங்கீகாரத்திற்காகக் காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். நாம் சொன்ன மகனுக்கு முறை வந்தபோது வயது 20. மனு மேசையில் இருந்தது ஏறத்தாழ ஐந்தாண்டுகள். கழித்தால் 15. அவர் தாராளமாகப் பிள்ளையாகவே கருதப்பட்டிருப்பார். ஆனால் முறை வந்த ஓராண்டுக்குள் அவருக்காக நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும் என்பது அச்சலுகையின் நிபந்தனை. தொடங்கவில்லை. ஆறாண்டு அளவுக்கு மிச்சமிருந்த வயது ஓராண்டுக் கவனக்குறைவால் கரைந்துபோயிற்று. மனு சேர்ந்த நாள், அங்கீகாரம் பெற்ற நாள் ஆகிய இரண்டு அறிவிப்புகளையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

ஏழாவதாக, முகவரி. அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவர் வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மனுச் செய்த உறவினர் வீடு மாறினாலும், ஊரில் நாம் தெரு மாறினாலும், தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மாறினாலும், கோப்பு அப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே தெரிவித்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாகவோ உங்கள் பிள்ளைகளுடையதாகவோ இருக்கட்டும். அதன் கடவுச்சொல் பிறர் கையில் இருக்க வேண்டாம்.

எட்டாவதாக, நிக்காஹ். இது நம் பதிவேட்டைத் தொடுவதால் சற்று அழுத்திச் சொல்கிறோம். நிரந்தர வசிப்புரிமை மட்டுமே பெற்ற, இன்னும் குடியுரிமை பெறாத தந்தையோ தாயோ, திருமணமாகாத மகனுக்கோ மகளுக்கோ மனுச் செய்திருக்கிறார் என்று வையுங்கள். அந்நிலையில் அப்பிள்ளைக்குத் திருமணமானால் மனு முடிந்துபோகும். நாம் பேசிவரும் அந்த மகனுக்காக அவருடைய தந்தை இப்போது செய்திருப்பதும் இத்தகைய மனுவே. எனவே நிக்காஹ் நாள் குறிக்குமுன் இதை விசாரித்து அறிந்து, இரு வீட்டாரும் ஆலோசித்து முடிவெடுங்கள். திருமணம் செய்ய வேண்டாம் என்று மார்க்கம் அறிந்த எவரும் சொல்லமாட்டார். அறியாமல் செய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம் என்றே சொல்கிறோம். "பதியாமல் நிக்காஹ் செய்து வையுங்கள், விசா வந்தபின் எழுதிக்கொள்ளலாம்" என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. அல்லாஹ்வின் பெயரால் நடந்த ஒப்பந்தத்தை மறைத்து, திருமணமாகவில்லை என்று அதிகாரியின் முன் கூறுவது பொய். பின்னர் வெளிப்பட்டால் வசிப்புரிமையே பறிபோகலாம். இந்த வாசலை நாம் திறக்கமாட்டோம்.

ஒன்பதாவதாக, மவ்த். மனுச் செய்தவர் வஃபாத்தாகிவிட்டால் பொதுவாக மனு ரத்தாகிவிடும். அங்கீகாரத்திற்குப் பின் அவர் வஃபாத்தாகியிருந்தால், மனிதாபிமான அடிப்படையில் மீட்டுத் தருமாறு கோரலாம். குடியுரிமை பெற்றவரின் விதவை மனைவிக்குத் தனி வழி உண்டு. அதற்கும் கால வரம்பு உண்டு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்திற்கு இதை நினைவூட்டுவதும் அண்டை வீட்டாரின் கடமைகளில் ஒன்று.

அன்பானவர்களே! இத்தனையும் சொன்னபின், மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். ஸலாம் கொடுத்த மறுகணம் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ரசீது எண்ணை இட்டுப் பார்ப்போரையும் நாம் காண்கிறோம். காலையில் ஒருமுறை, லுஹருக்குமுன் ஒருமுறை, உறங்குமுன் ஒருமுறை. பார்ப்பதால் எழுத்து மாறிவிடப் போவதில்லை. பார்க்காத நேரத்தில் மனமும் நிம்மதியாக இருப்பதில்லை. இது விசாரிப்பு அன்று, பதற்றம். மனு நிலையை வாரம் ஒருமுறையும், விசா அறிக்கையை மாதம் ஒருமுறையும் பாருங்கள். பார்த்த நாளையும் கண்ட வாசகத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்பு மூடிவைத்துவிட்டு உங்கள் தொழிலைப் பாருங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், வீட்டைப் பழுதுபாருங்கள். "எப்படியும் போகப்போகிறோம்" என்று சொல்லிப் பதினைந்து ஆண்டுகள் கூரையைச் சீர்செய்யாமல் ஒழுக விட்ட வீட்டையும் நாம் இம்மஹல்லாவில் கண்டிருக்கிறோம்.

உம்மு ஸலமா (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். கணவர் அபூ ஸலமா (ரலி) மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அம்மையாரின் குலத்தார் அம்மையாரைப் பிடித்து வைத்துக்கொண்டனர். கணவரின் குலத்தாரோ குழந்தையைப் பறித்துச் சென்றனர். கணவர் ஓர் ஊரில், மனைவி ஓர் ஊரில், பிள்ளை வேறு கையில். ஏறத்தாழ ஓராண்டு, நாள்தோறும் காலையில் அப்தஹ் என்ற வெளிக்குச் சென்று மாலைவரை அழுவார்களாம். குடும்பம் பிரிந்து காத்திருப்போரின் கண்ணீரை நம் மார்க்கத்தின் வரலாறு அறியும். எனவே இங்கே திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் எந்தத் தாயும் தம் அழுகைக்காக வெட்கப்பட வேண்டாம்.

அந்த அழுகையைக் கண்ட உறவினர் ஒருவர், "இவளை ஏன் இன்னும் தடுக்கிறீர்கள்?" என்ற கருத்தில் தம் குலத்தாரிடம் பேசினார். வழி திறந்தது. பிள்ளையும் திருப்பித் தரப்பட்டது. தனியாக ஒட்டகத்தில் புறப்பட்ட அம்மையாரைத் தன்யீமில் சந்தித்தவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஆயினும், தனித்துச் செல்லும் பெண்ணை விட்டுவிட மனமின்றி, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நடந்தார். தங்குமிடம் வந்ததும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு விலகி நிற்பார். அம்மையார் இறங்கியபின் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, தூரத்து மரநிழலில் போய்ப் படுத்துக்கொள்வார். குபா கண்ணுக்குத் தெரிந்ததும், கணவர் அங்கேதான் இருக்கிறார் என்று சுட்டிக்காட்டிவிட்டு மக்காவுக்குத் திரும்பிவிட்டார். கூலி கேட்கவில்லை. அவரைவிடக் கண்ணியமான வழித்துணையைத் தாம் கண்டதில்லை என்று அம்மையார் நினைவுகூர்ந்தார்கள்.

இப்போது அந்த முகவரை எண்ணிப் பாருங்கள். வழி தெரியாதவனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழியை மறைத்தார். கோப்பை நகர்த்தப் பணம் என்றார். ஐ-130 மனுவைப் பணம் செலுத்தி விரைவுபடுத்தும் வசதியே இல்லை. அவசரக் காரணம் இருந்தால், சான்றுடன் கட்டணமின்றி வேண்டுகோள் வைக்கலாம்; ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஆகவே, விரைவுபடுத்துவதாக எவர் பணம் கேட்டாலும் அவர் உண்மை பேசவில்லை என்று உறுதியாக அறியுங்கள். அமானிதத்தில் மோசடி செய்து சேர்த்த காசில் பரக்கத் இராது என்பதை அத்தொழில் செய்வோருக்கும் இந்த இடத்திலிருந்து சொல்லி வைக்கிறோம்.

நம் ஜமாஅத் என்ன செய்ய வேண்டும்? உஸ்மான் இப்னு தல்ஹா செய்ததைச் செய்ய வேண்டும். நிர்வாகத்தாரின் இசைவுடன், ஞாயிறுதோறும் அஸருக்குப்பின் மத்ரஸா அறையில் கணினி அறிந்த இளைஞர் இருவர் அமர்வார்கள். ரசீதைக் கொண்டுவாருங்கள். எண்ணை இட்டுக் காண்பிப்பார்கள். தமிழில் பொருள் சொல்வார்கள். உங்கள் குறிப்பேட்டில் எழுதித் தருவார்கள். கட்டணம் இல்லை. கடவுச்சொல் கேட்கமாட்டார்கள்; நீங்கள் சொன்னாலும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள். அங்கே கண்ட விவரம் அறையை விட்டு வெளியே வராது. சிக்கலான கேள்விகளுக்கு அவர்கள் விடை சொல்லமாட்டார்கள். அதற்கு அந்நாட்டின் உரிமம் பெற்ற வழக்கறிஞரையோ, அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியையோ உங்கள் உறவினர் மூலம் அணுகிக்கொள்ள வேண்டும். ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு விலகி நிற்பதே அவர்களுடைய வேலை.

பழைய முகவரிக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தால், இப்போது அங்கே குடியிருப்போர் அதை ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறோம். உரியவரைத் தேடிச் சேர்ப்பது நம் பொறுப்பு. நிக்காஹ் விண்ணப்பம் வாங்கும்போது, வெளிநாட்டுக் குடியேற்ற மனு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று இனி நாமே வாய்மொழியாகக் கேட்போம். யாரையும் தடுப்பதற்காக அல்ல. தெரிந்து செய்யட்டும் என்பதற்காக.

இறுதியாக ஒன்று. அந்தத் தந்தையிடம் நாம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் சொன்னது தவறில்லை, ஹஜ்ரத். நான்தான் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்" என்றார். பெருந்தன்மையால் அவர் அப்படிச் சொன்னார். ஆயினும் நம் பங்கை நாம் அறிவோம். ஆகவே இனி எவரேனும் வாசற்படியில் நின்று, "விசாவுக்காக துஆச் செய்யுங்கள்" என்று கேட்டால், நாம் கையேந்துவோம், இன்ஷா அல்லாஹ். கூடவே ஒரு கேள்வியும் கேட்போம்: "ரசீதைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்?"

யா அல்லாஹ்! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! செல்வதில் நன்மை இருப்போருக்கு வழியை எளிதாக்குவாயாக! இருப்பதில் நன்மை இருப்போருக்கு இருக்கும் இடத்திலேயே மனநிறைவைத் தருவாயாக! தனித்து நிற்கும் எங்கள் பிள்ளைக்கு நீயே துணையாக இருந்து, பெற்றோரின் முகத்தை விரைவில் காணச் செய்வாயாக! அறிந்ததை மறைக்காத, அறியாததைச் சொல்லாத நாவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.